மயில் பையும் காயம்பட்ட கோரியும்

மாண்ட்வி,
லாப பஞ்சமிக்கு மறுநாள், 1986

அன்பு மகள் கேதகிக்கு அம்மா எழுதுவது. ஆஷாபுரா மாதாவின் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் பரேஷும் குழந்தைகளும், முக்கியமாக உன் மாமனார் மாமியாரும், உடம்பும் மனசும் ஒருசேர நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் இந்தத் தீபாவளிக்கு விளக்கேற்றும்போது கேட்டுக்கொண்டேன். இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படி. கடையில் வைத்து யாராவது கையில் கொடுத்தால் அங்கே பிரிக்காதே, வீட்டுக்கு எடுத்துப் போ. பயப்படும்படி ஒன்றுமில்லை என்று முதல் வரியிலேயே எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எனக்கே பயமாக இருக்கும்போது அப்படி எழுதினால் அது உனக்கு எந்த வகையிலும் உதவாது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன், நீ பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி நிதானமாகக் கேள்.

நவராத்திரிக்கு முன்னால் எனக்குக் கண்ணில் புரை எடுத்தது உனக்குத் தெரியும். கண்ணாடி சோடா பாட்டில் அடி போல இருக்கிறது, ஆனால் பார்வை நன்றாக வந்துவிட்டது. கம்பு ரொட்லாவில் கரி எங்கே, மாவு எங்கே என்று இப்போதுதான் தெரிகிறது, இத்தனை நாள் உன் அப்பா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறார். இந்தப் புதுக் கண்ணால்தான் எல்லாம் தொடங்கியது. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், தனதேரஸ் அன்று பூஜை முடித்து வழக்கம்போலத் தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீடாகப் போனேன். எதிர்வீட்டு சவிதாவின் தட்டில் குங்குமம் வைத்த, நம் கச்சு ராஜா காலத்து ஐந்து கோரி வெள்ளிக் காசு ஒன்று புதிதாக இருந்தது. என் கண் நேராக அதன் விளிம்புக்குப் போயிற்று. திரிசூலத்துக்கு மேலே, விளிம்பில், அரிசி மூக்கு அளவு ஒரு நசுங்கல். கேதகி, அது உன் கல்யாணத்துக் காசு. பால் கலந்த குங்குமத் தண்ணீரில் நீயும் பரேஷும் ஏகி-பேகி விளையாடித் துழாவியபோது உங்கள் இரண்டு கையிலிருந்தும் தெறித்துக் கல்தரையில் விழுந்ததே, அந்தக் காசு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நம் வீட்டுக் காசு எதிர்வீட்டுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். சவிதா பெருமையாக, "பூஜ்ல இருந்து வருவாரே தயாள்ஜிபாய், அவர்கிட்ட வாங்கினேன் பென். உங்க வீட்டுக் காசுன்னு அவரே சொன்னார். அதனாலதான் பேரமே பேசல" என்றாள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன்பு பழைய தையல் வேலைகளை வாங்க வந்த தயாள்ஜிக்கு, நான் தைத்து மிச்சமிருந்த மயில் பை ஒன்றைக் கொடுத்தேன் அல்லவா, உனக்குக்கூட எழுதினேன், நீயும் கொடுத்துவிடு அம்மா என்று பதில் போட்டாய். வெளிநாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள் என்று அவன் சொன்னான். பையை வெறுமையாகக் கைமாற்றக் கூடாது இல்லையா, அதனால் பித்தளை டப்பாவிலிருந்து கைக்கு அகப்பட்ட ஒரு கோரியைப் போட்டுக் கொடுத்தேன். அப்போது கண்ணில் புரை. சாதாரணக் காசு என்று நினைத்துப் போட்டது உன் கல்யாணக் காசாக இருந்திருக்கிறது. சரி, தெரியாமல் போனது தெருவுக்குள்ளேயே இருக்கிறது, சவிதாவிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டே மூன்று வீடு தள்ளி ஹீராமாசி வீட்டுக்குப் போனேன். அங்கே தட்டில் இன்னொரு கோரி. திரிசூலத்துக்கு மேலே, அதே இடத்தில், அதே அரிசி மூக்கு நசுங்கல்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சுபாவம் உனக்குத் தெரியுமே. கூக்ரா இனிப்பை மென்றுகொண்டே, "உனக்குப் புதுக் கண்ணு வந்ததுல இருந்து ஒண்ணு ரெண்டாத் தெரியுது. நாளைக்கு ரெண்டு புருஷன்னு சொல்லாம இருந்தா சரி" என்று சிரித்தார். நான் டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். காயம்பட்ட காசு இல்லை. நான் பையில் போட்டதாக நினைத்த, அதே மாதிரியான காயமில்லாத சாதாரணக் கோரி அங்கேயே இருந்தது.

உனக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் கணக்குப் பாடம் எடுத்த காலத்தில் ஒரு பரீட்சையில் இரண்டு பெண்கள் ஒரே கணக்குக்குச் சரியான விடை எழுதியிருந்தால் எனக்கு ஒரு சந்தேகமும் வராது. சரியான விடை ஒன்றுதான் இருக்க முடியும். ஆனால் இரண்டு பேரும் ஒரே படியில் ஒரே தப்பைச் செய்து, ஒரே தப்பான விடைக்கு வந்திருந்தால், ஒன்றைப் பார்த்துத்தான் மற்றது எழுதப்பட்டது. காசும் அப்படித்தான். நாணயச் சாலையில் அடித்த ஆயிரம் காசும் ஒன்றுபோல இருக்கலாம், அது நியாயம். ஆனால் கீழே விழுந்து பட்ட காயம் ஒரு காசுக்குத்தான் இருக்க முடியும். இரண்டு காசில் ஒரே காயம் என்றால் ஒன்றை அச்சாக வைத்து மண்ணில் பதித்து வெள்ளியை உருக்கி ஊற்றியிருக்கிறார்கள். மறுநாள் காலை இரண்டு வீட்டுக்கும் போய், ஏதோ சாக்குச் சொல்லி, இரண்டு காசின் காயத்தையும் நகத்தால் தடவிப் பார்த்தேன். கல்லில் விழுந்த காசுக்கு நசுங்கிய இடத்தில் வெள்ளி ஒதுங்கி, மெல்லிய உதடு மாதிரி எழும்பி நிற்கும். உன் கல்யாணக் காசில் அது நகத்தைப் பிடித்து இழுக்கும், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இந்த இரண்டிலும் நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று, சோப்பில் தடவின மாதிரி. ஆக, இரண்டுமே நகல். அசல் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், நம் புது வருஷத்தன்று தயாள்ஜி நம் வீட்டுக்கே வந்தான். நான் அவனைப் பற்றிச் சிலரிடம் விசாரித்தது அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு யார் வாசலில் வந்து நின்றாலும் சால் முபாரக் சொல்லி உள்ளே கூப்பிட்டு இனிப்பு வைக்காமல் அனுப்ப முடியுமா. அது தெரிந்துதான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். வெள்ளைச் சட்டை, கையில் பேடா டப்பா, அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டீயைச் சாசரில் ஊற்றி நிதானமாகக் குடித்தான். நான் காயத்தைப் பற்றிக் கேட்டேன். அவன் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. சிரித்துக்கொண்டே, "பென், பையில இருக்கறது உங்க கைத்தையல். காசுல இருக்கறது உங்க வீட்டுக் காயம். இதுல நான் எங்க இருக்கேன், சொல்லுங்க" என்றான். அப்பா, "நீ வித்தது இல்லையா" என்று கேட்டதற்கு, "நான் வாங்கி விக்கறவன் காகா. எங்க வாங்கினேன்னு கேட்டா உங்க வாசலைத்தான் காட்டணும். உண்மையும் அதுதானே" என்றான். எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, போகிற போக்கில் சொல்வது போல, "பை கடல் தாண்டிப் போயிருக்கு. சொந்தக்காரங்க கைக்கே போயிருக்குன்னு பம்பாய்க் கடைக்காரர் சொன்னார். நல்ல விஷயம்தானே பென், பொருள் குடும்பத்துக்குள்ளயே இருக்கு" என்றான். அவன் போன பிறகு பேடா டப்பாவை என்ன செய்வது என்று தெரியாமல் நாங்கள் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் மாட்டுக்குப் போட்டேன்.

கடல் தாண்டி என்றால் யார் என்று யோசித்து யோசித்து, வேண்டாத இடத்துக்கெல்லாம் மனசு போயிற்று. நேற்று லாப பஞ்சமிக்குச் சரியாக நைரோபியிலிருந்து உன் மாமனாரின் தீபாவளிக் கடிதம் வந்தது. சம்பந்தி வீட்டுக் கடிதம் என்றால் மஞ்சள் தடவி மாதா படத்துக்கு முன்னால் வைத்துத்தான் பிரிப்பேன், அப்படியே பிரித்தேன். கோகுல்தாஸ்பாய் இவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை. அவருடைய மருமான் பம்பாயில் ஒரு கடையில் மயில் பை ஒன்றைப் பார்த்து வாங்கி வந்தானாம். மயில் பின்னால் திரும்பிப் பார்க்கிறது, கழுத்தில் மூன்று கண்ணாடி, பார்த்த உடனே என் கை என்று தெரிந்துகொண்டாராம். உள்ளே காசு. எழுதியிருக்கிறார், "திறந்து பாத்தா நம்ம காசு. விளிம்புல அந்தக் காயம். நான் தராசுல போடல, நகத்தால தடவிக்கூடப் பாக்கல. காயம் பட்ட நிமிஷத்துல பக்கத்துல நின்னவன் நான், எனக்கு எதுக்குச் சோதனை" என்று. அதற்குக் கீழே ஒரு வரி. அது என்னைத் தூங்கவிடவில்லை. "ஏன் வித்தீங்கன்னு கேக்க மாட்டேன் பென். கஷ்டம்னா சம்பந்திக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம்." நாம் பணமுடையால் விற்றோம் என்று நினைத்து அவர் வருத்தப்பட்டிருக்கிறார். அந்த வருத்தத்தையும் சந்தோஷத்துக்குள் மடித்து வைத்து எழுதியிருக்கிறார்.

உன் கல்யாணத்தன்று அவர் எனக்கு எடுத்த பாடம் உனக்கு நினைவிருக்குமா தெரியவில்லை, நீ மணையில் இருந்தாய். கீழே விழுந்த காசை அவர்தான் குனிந்து எடுத்தார், கைக்குட்டையால் ஒற்றினார், துடைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, நமக்குப் படிக்கத் தெரியாத பாரசீக எழுத்துப் பக்கத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. ஊரே சாப்பாட்டுப் பந்திக்கு நகர்ந்தபோது என்னை நிறுத்தி, "பென், நீங்க டீச்சர், நான் ஒரு கேள்வி கேக்கறேன். பத்து கோரி, ஒரே எடை, ஒரே வெள்ளி. ஒம்பதை உருக்கற விலைக்கு எடுக்கறான், ஒண்ணுக்கு மட்டும் ஆளுக்கு ஆள் அடிச்சுக்கறான். ஏன்?" என்றார். ரொம்பப் பழையதாக இருக்கும் என்றேன். "தப்பு. ஃபெயில்" என்று சிரித்தார். இருநூறு வருஷத்துக் காசு கூடை கூடையாகக் கிடைக்கிறதாம், யாரும் சீண்டுவதில்லையாம். நாற்பது வருஷத்துக் காசு ஒன்று, தேடுகிறவர்கள் நிறையப் பேராகவும் மிஞ்சியது கொஞ்சமாகவும் இருந்தால், அதுதான் விலை என்றார். நான் என் வழியில் புரிந்துகொண்டேன்: வகுப்பில் நாற்பது பெண்கள் நன்றாகப் பாடுவார்கள், பள்ளி விழாவுக்கு தபலா வாசிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் என்றால் அவள் வீட்டு வாசலில்தான் எல்லோரும் நிற்க வேண்டும். இந்தக் காசில் இருப்பது இங்கிலாந்து எட்வர்ட் ராஜாவின் பெயர். ஒரு வருஷம்கூட முடியாமல் பட்டத்தை விட்டுவிட்டுப் போனவர். "அவங்க ஊர்லயே அவர் பேர்ல காசு புழக்கத்துக்கு வரல. நம்ம பூஜ் நாணயச் சாலை அடிச்சு விட்டுடுச்சு பாருங்க" என்று சொல்லும்போது அவருக்கு ஏதோ தானே அடித்தது போலப் பெருமை. நாகரி எழுத்துப் பக்கத்தைப் பார்த்தால் முந்தைய ராஜா காலத்துக் கோரியும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால்தான் நான் பிறகு ஏமாந்தேன்.

இன்னும் சொன்னார். எத்தனை கை மாறித் தேய்ந்தது என்று பார்ப்பார்களாம், மடிப்புக் கலையாத புடவைக்கும் துவைத்த புடவைக்கும் உள்ள வித்தியாசம். பளபளவென்று இருந்தால் நல்லது என்று நினைத்துவிடக் கூடாதாம். "தனதேரஸுக்குப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பீங்களே, அதோட சேத்து விலையும் கழுவிட்டுப் போயிடும். கருத்திருக்கட்டும், அது அதோட தோல்" என்றார். மாலையில் கோர்க்க வளையம் பற்றவைத்த காசுக்குப் பாதி மதிப்புகூட இல்லை. காயம் பட்டாலும் அப்படித்தான். விளிம்பை நகத்தால் தடவிப் பார்த்து, "உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வர்ற அன்னைக்கே பாதியை நஷ்டம் பண்ணிட்டா" என்று நீ கேட்கும்படி சத்தமாகச் சொன்னார், நீ தலையைக் குனிந்துகொண்டாய், பரேஷ் சிரித்தான். கடைசியாக என்ன சொன்னார் தெரியுமா. "எல்லாத்தையும் விட ஒண்ணு. எந்த வீட்டுப் பெட்டியில இருந்து வந்தது. அதைச் சொல்ல நேர்மையான ஆள் இருந்தா, பாதிச் சோதனை முடிஞ்சுது. இது உங்ககிட்டயே இருக்கட்டும் பென், டீச்சர் வீட்டுல இருந்தாத்தான் இதுக்கு விலை" என்று சொல்லி என் கையில் வைத்து மூடினார்.

இப்போது புரிகிறதா மகளே. தயாள்ஜி எட்வர்ட் பெயரை விற்கவில்லை, வெள்ளியையும் விற்கவில்லை. நம் வீட்டு வாசலை விற்றிருக்கிறான். எந்தக் காயம் விலையைக் குறைக்க வேண்டுமோ அதே காயம் உன் மாமனாருக்கு முத்திரையாகிவிட்டது. சோதிக்கத் தெரியாதவர் இல்லை அவர், சோதிக்க வேண்டும் என்று தோன்றாதபடி நம் பெயர் கண்ணை மறைத்துவிட்டது.

என் பயம் இதுதான். டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகாஜன் வாடி மண்டபத்தில் காசுக் கண்காட்சி வைக்கிறார்களாம், மொம்பாசாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வருகிறார்களாம், பையையும் காசையும் நடுவில் வைத்து என் பெயரையும் மாண்ட்வியையும் அட்டையில் எழுதப் போகிறாராம். வருகிறவர்கள் தராசோடு வருவார்கள். சம்பந்தி பாசம் அவர்களுக்குக் கிடையாது. நாலு பேர் நடுவில் ஒருவன் நகத்தால் தடவிவிட்டு, கோகுல்தாஸ்பாய் இது வார்ப்பு என்று சொன்னால் என்ன ஆகும். கடையில் ஆணி நிறுத்து விற்கும்போது எடை குறைத்தார் என்று ஒரே ஒரு தடவை தெரிந்ததற்காக இருபது வருஷக் கூட்டாளியைக் கடையை விட்டு இறக்கியவர் அவர். அந்தக் கூட்டாளியின் பெண் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் யாரும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டாரே, நீயே அழுதுகொண்டு எழுதினாய். நாம் ஆள் வைத்து அவருக்கே போலியை விற்றோம் என்று ஒரு நிமிஷம் நினைத்தாலும் போதும். அந்த ஒரு நிமிஷத்தில் நீ அந்த வீட்டில் எங்கே நிற்பாய். பரேஷ் நல்லவன், ஆனால் அப்பா முன்னால் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

டெலிபோனில் சொல்லிவிடலாமே என்று நீ கேட்பாய். தபாலாபீசில் டிரங்க் கால் போட்டு நைரோபி கிடைக்கும்போது வரிசையில் நிற்கிற பாதித் தெருவும் கேட்கும், அந்தப் பக்கம் எடுப்பது உன் மாமனாராகத்தான் இருக்கும். கத்திக் கத்திப் பேசுகிற விஷயமா இது. அவருக்கே நேராக எழுதிவிடவும் நினைத்தேன், இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். கடிதத்தில் என் முகம் தெரியாது, நீ நேரில் கொடுத்தால் உன் முகம் தெரியும். உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இங்கேயும் சும்மா இருக்க முடியவில்லை. இன்று காலை சவிதாவிடமும் ஹீராமாசியிடமும் உள்ளதைச் சொன்னேன். ஹீராமாசி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "பூஜை பண்ணிட்டேனே, இனிமே இதைப் போலின்னு எப்படித் தூக்கிப் போடறது" என்று அழுதாள். சவிதாவுக்குக் கோபம். "உங்க வீட்டுக் காசுன்னு சொன்னதாலதானே பென் வாங்கினேன். வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும் நான் ரெண்டு கடைல காட்டியிருப்பேன்" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் நியாயம். புதன்கிழமை நாங்கள் மூன்று பேரும் பூஜுக்கு பஸ் ஏறிப் போலீசில் புகார் கொடுக்கப் போகிறோம். அதற்குப் பிறகு இந்த விஷயம் ஊரில் நிற்காது. நம் ஜனங்களைப் பற்றி உனக்குத் தெரியுமே, மாண்ட்வியில் ஒருவர் தும்மினால் நைரோபியில் கஷாயம் வைப்பார்கள், தபாலைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதற்கு முன்னால் உன் வாயால் அவர் கேட்க வேண்டும்.

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தயாள்ஜியின் மோட்டார் சைக்கிள் நம் தெருவில் மெதுவாகப் போகிறது. நிற்பதில்லை, போகிறது, திரும்பி வருகிறது. உன் அப்பா நேற்றுப் பொழுது சாய்ந்ததுமே தாழ்ப்பாள் போட்டுவிட்டார். எனக்கு அதுகூடப் பயமில்லை. உன் மாமனாரின் கடிதம் வந்ததிலிருந்து அப்பா ஒரு கேலிகூடப் பேசவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. காலையில் மாடி அறைக்குப் போய்க் கயிற்றுக் கட்டிலை நகர்த்திக்கொண்டிருந்தார். அளவு நாடா கையில் இருந்தது. என்ன செய்கிறீர்கள் என்றால், "எலி இருக்கான்னு பாத்தேன்" என்றார். எலிக்கு அளவு நாடா எதற்கு. உனக்கும் குழந்தைகளுக்கும் இடம் போதுமா என்று பார்த்திருக்கிறார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. முதலில் பையை நீயே எடுத்துப் பார்க்காதே, அலமாரியைத் திறக்காதே. பிறகு மாற்றி வைத்தாய் என்று பேச்சு வரக் கூடாது. காலையில் அவர் டீ குடித்து, கடைக்குக் கிளம்புவதற்கு முன், மாமியாரும் பரேஷும் இருக்கும்போது, இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடு. பகுதி பகுதியாகச் சொல்லாதே, முழுவதும் அவரே படிக்கட்டும், அவரைப் பற்றி நான் எழுதியிருப்பதையும் சேர்த்து. ஆணிக் கூட்டாளியைப் பற்றிய வரியையும் அடிக்காதே. மறைத்த ஒரு வரி இருந்தால் மற்ற எல்லா வரிக்கும் மதிப்புப் போய்விடும். படித்து முடித்ததும் காசை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு காயத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல். நகம் மாட்டினால் அதுதான் அசல், உன் கல்யாணக் காசு, அது சேர வேண்டிய வீட்டுக்கே சேர்ந்துவிட்டது, நான் இத்தனை பக்கம் பயந்தது வீண் என்று எல்லோரும் சிரிக்கலாம். தயாள்ஜி அச்செடுத்த பிறகு அசலைப் பையோடு விற்றிருக்கவும் கூடும் இல்லையா, அந்த ஒரு நூலைத்தான் நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். வழுக்கினால் வழுக்குகிறது. அப்போது அவர் குரல் உயரும். நீ எங்களுக்காகப் பரிந்து பேசாதே, எதிர்த்தும் பேசாதே, உட்கார்ந்திரு. அவர் கோபம் நம் பேரில் இல்லை, தன் நகத்தை நம்பாமல் போனதன் பேரில் என்று அவருக்கே தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கொடு. ஒருவேளை அந்த நேரம் நீண்டு, இந்த வீட்டில் இருக்காதே என்று ஒரு சொல் வந்துவிட்டால், அழாமல் குழந்தைகளின் ஸ்வெட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பு. இங்கே மாடி அறையில் எலி இல்லை.

ஒன்று மட்டும் அவரிடம் என் வார்த்தையாகச் சொல். நாங்கள் கஷ்டத்தால் விற்கவில்லை. பையைத்தான் கொடுத்தோம், காசைச் சகுனத்துக்குப் போட்டோம். அந்த வருத்தத்தை அவர் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

குளிர் வருகிறது, அப்பாவின் முழங்கால் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன், கை வலிக்கிறது. ஒன்று தபாலில் வருகிறது. மற்றது பக்கத்துத் தெரு பிரவீணாவின் மருமகன் அடுத்த வாரம் விமானத்தில் கொண்டுவரும் அடதியா இனிப்பு டப்பாவில், அடியில் உள்ள காகிதத்துக்குக் கீழே. எது முதலில் வந்தாலும் மற்றதற்காகக் காத்திருக்காதே. அடதியாவைக் குழந்தைகளுக்கு ஒரே நாளில் கொடுத்துவிடாதே, வயிறு தாங்காது. மாமியாருக்கு முதல் துண்டு.

ஆஷாபுரா மாதா உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். உன் வாய்க்குத் தெளிவும் அவர் காதுக்குப் பொறுமையும் கொடுக்கட்டும். உன் வீட்டு விளக்கு அணையாமல் எரியட்டும்.

ஒரு விஷயம் மறந்துவிடாதே. காசு போலியாக இருந்து, கோபத்தில் அவர் அதை எடுத்து எறிந்துவிட்டால், பையை அப்படியே வெறுமையாக அவர் கையில் திருப்பிக் கொடுக்காதே. உன் கைப்பையில் எது இருக்கிறதோ அதைப் போட்டுக் கொடு. ஒரு கென்யா ஷில்லிங் போதும்.

உன் அம்மா,
கஞ்சன்